கம்பியும் கண்ணொட்டும்: பிள்ளையின் தமனியை எதை வைத்துத் தைப்பது?

ரப்பர்ப் பால் மரத்தில் பால் பிடிக்கும் மங்கைத் தொங்கவிடக் கட்டும் கம்பியைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் சுருள் இருக்கும். மரம் பருக்கப் பருக்கச் சுருள் விரிந்து கொடுக்கும். சுருள் இல்லாத வெறுங்கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோனால், சில வருடங்களில் பட்டை அந்தக் கம்பியை விழுங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் மரம் இடுப்புக் கயிறு இறுகியதுபோல் ஒடுங்கி நிற்கும். கம்பி சுருங்கவில்லை, மரம்தான் வளர்ந்துவிட்டது.

சிரம்பானை அடுத்த செண்டாயான் பக்கம் இன்று அந்தப் பால் மர நிரைகளைப் பார்ப்பது அரிது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது பண்டார் ஸ்ரீ செண்டாயான் வீடுகளும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. ஆனாலும் வெட்டு மரத்தோடு வாழ்ந்த பாட்டி, தாத்தாக்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் இதயப் படத்தைக் காட்டி, "இந்தக் குழாய் குறுகலா இருக்கு, பேட்ச் வச்சு அகலப்படுத்தணும்" என்று டாக்டர் சொல்லும்போது, அந்தக் கம்பியை நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். என்ன பேட்ச், யாருடைய தோல், மாட்டுடையதா, பிளாஸ்டிக்கா, எத்தனை நாள் தாங்கும் என்ற மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே ஒட்டு தேவைப்படுகிறது?

உலகெங்கும் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. பெரும்பாலும் சிறிய ஓட்டைதான். பல ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கோ குறை இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய்களில் இருக்கும். உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோவது பெருந்தமனி. நுரையீரலுக்குக் கொண்டுபோவது நுரையீரல் தமனி. இந்த இரண்டில்தான் அறுவை மருத்துவர் அதிகமாக ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

நான்கு நிலைமைகளைச் சொன்னால் போதும். ஒன்று, பெருந்தமனி வளைந்து கீழே இறங்கும் இடத்தில் ஒடுங்கியிருப்பது. இரண்டு, 'நீலக் குழந்தை' என்று நாம் கேள்விப்படும் நான்கு குறைச் சேர்க்கை. இதில் நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருக்கும். மூன்று, இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறி முளைத்திருப்பது. நான்கு, இதயத்தின் இடது பாதியே வளராமல் பெருந்தமனியும் நூல்போல் மெலிந்திருப்பது. இவை தவிர, நுரையீரல் தமனி இதயத்தோடு சேராமலே போகும் குறையும் உண்டு. அதற்கு ஒட்டு போதாது. வால்வோடு கூடிய முழுக் குழாயே புதிதாக வைக்க வேண்டும்.

குறுகலை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? சீராக ஓடும் திரவத்துக்கான கணக்கில், குழாயின் அகலம் பாதியானால் தடை இரண்டு மடங்காகாது, 16 மடங்காகும். ஆகவே ஒட்டுப்போட்ட இடம் ஒரு மில்லிமீட்டர் சுருங்கினாலும் சிறு குழந்தையின் இதயம் அதை உணரும்.

ஒட்டுத் துணிக்கு வைக்கும் மூன்று சோதனை

சட்டை கிழிந்தால் நிறம் பார்த்து, கனம் பார்த்துத் துணி தேடுகிறோம். அறுவை மருத்துவரும் அப்படித்தான் பார்க்கிறார். அவர் பார்ப்பது மூன்று.

முதலாவது அழுத்தம். வளர்ந்த ஆளுக்குப் பெருந்தமனியின் மேல் அழுத்தம் 120 என்றால், நுரையீரல் தமனியில் அது 25 அளவில்தான் இருக்கும். ஒரே இதயம், இரண்டு குழாய், ஐந்து மடங்கு வித்தியாசம். நுரையீரல் பக்கம் நிம்மதியாக இருக்கும் மெல்லிய சவ்வு, பெருந்தமனியில் வைத்தால் பலூன்போல் உப்பிவிடலாம். அதுவும் பச்சிளங்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கிறது என்று வைத்தால் ஒரே நாளில் 2 லட்சம் தடவை அந்த ஒட்டில் இடி விழுகிறது.

இரண்டாவது வளர்ச்சி. பிறந்த குழந்தையின் பெருந்தமனி இதயத்தை விட்டு வெளிவரும் இடத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம். பெரியவராகும்போது அது மூன்று சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். குழாய் மூன்று மடங்கு ஆகும்போது ஒட்டு என்ன செய்யும்?

மூன்றாவது அடுத்த அறுவை. பிறவி இதயக் குறை பலவற்றில் ஒரே அறுவையோடு கதை முடிவதில்லை. திரும்ப நெஞ்சைத் திறக்கும்போது பழைய ஒட்டு எப்படி இருக்கும், எதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நாளை இந்தப் பிள்ளைக்கு வேறொருவரின் இதயமே பொருத்த வேண்டி வந்தால் இன்று வைத்த பொருள் குறுக்கே நிற்குமா என்பதையெல்லாம் முதல் நாளே யோசிக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கும் பொருள் இன்றுவரை இல்லை. இருந்திருந்தால் 'தேர்வு' என்ற பேச்சே எழுந்திருக்காது.

சொந்தச் சதையே முதல் தரம்

ஒட்டே போடாமல் தப்பிக்க முடியுமா என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். 1944இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் பெருந்தமனியின் ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்தார். அந்த முறை மெருகேறி, இன்றும் பச்சிளங்குழந்தைகளின் ஒடுக்கத்துக்கு முதல் வழியாக இருக்கிறது. தையலைத் தவிர அந்நியப் பொருள் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் உயிருள்ள சுவர். பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

முனைகள் எட்டாவிட்டால்? 1966இல் வால்ட்ஹவுசன் என்ற அமெரிக்க மருத்துவர் வேறு வழி காட்டினார். இடது கைக்குப் போகும் தமனி, ஒடுங்கிய இடத்துக்குச் சற்று மேலே கிளைக்கிறது. அதை அறுத்து, நீளவாக்கில் பிளந்து, நாக்குபோல் கீழே மடித்து ஒடுக்கத்தின் மேல் தைத்துவிடலாம். கைக்குப் பக்கக் கிளைகள் வழியாக இரத்தம் வந்துவிடும். ஆனால் அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும். கை சற்றுக் குட்டையாகவும் இருக்கலாம்.

நம் தோட்டக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒட்டுக்கன்று கட்டுகிறவர் நாற்றின் பட்டையை நாக்குபோல் கீறித் திறந்து, நல்ல பால் தரும் மரத்தின் கண்ணைப் பட்டையோடு அதில் செருகிக் கட்டுவார். ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற பெயர் பெற்ற மரங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவியது இப்படித்தான். பட்டைக்கு அடியிலுள்ள ஈரமான வளர்படலம் இரண்டிலும் உயிரோடு இருப்பதால் ஒட்டு பிடிக்கிறது. பிடித்தபின் மரத்தோடு மரமாக வளர்கிறது. உயிருள்ள சொந்தத் தமனியால் ஒட்டுவது இந்தக் கண்ணொட்டு. மற்ற எல்லாப் பொருளும் கூடவோ குறையவோ கம்பியின் குணம் உள்ளவை.

இதயத்தின் சொந்த உறை

இதயம் ஒரு மெல்லிய, பளபளப்பான பைக்குள் இருக்கிறது. பெரிகார்டியம் என்பது அதன் பெயர். நெஞ்சைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் பிள்ளைக்குப் பாதகம் இல்லை. விலை இல்லை, நோய்த்தொற்றுப் பயம் இல்லை, உடம்பு அதை அந்நியன் என்று விரட்டுவதும் இல்லை. வழவழப்பான பக்கத்தை இரத்தம் ஓடும் உட்புறமாக வைத்துத் தைப்பது வழக்கம்.

அதை அப்படியே பச்சையாக வைக்கலாம், பதப்படுத்தியும் வைக்கலாம். பச்சை உறை இளகியது, ஓரம் சுருண்டுகொள்ளும், தைப்பதற்குச் சிரமம். அழுத்தம் குறைந்த இடத்தில் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் காலப்போக்கில் சிலருக்குச் சுருங்கும். அழுத்தம் கூடிய இடத்தில் சிலருக்கு உப்பும்.

ஆகவே பல மருத்துவர்கள் அதை அறுவை அரங்கிலேயே குளூட்டரால்டிஹைடு கரைசலில் சில நிமிடங்கள் ஊறவைப்பார்கள், 0.6 சதவீதக் கரைசல் பரவலாகப் பயன்படுகிறது. தோல் பதனிடும் தொழிலிலும் பயன்படும் இரசாயனம் இது. பச்சைத் தோல் செருப்புத் தோலாகிற வேலையின் சிறிய வடிவம் என்று சொல்லலாம். சவ்விலுள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, துண்டு விறைப்பாகிறது. வெட்டவும் தைக்கவும் எளிது, அளவு மாறாது. பிறகு உப்புநீரில் நன்றாக அலசி எடுக்கிறார்கள். இதற்குக் கொடுக்கும் விலை, பதப்பட்ட சவ்வு உயிர்ச்சவ்வு அல்ல, அது வளராது. நாள்பட அதில் சுண்ணாம்புச் சத்து படியலாம்.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்த உறை ஒருமுறைச் சொத்து. முதல் அறுவையில் எடுத்துவிட்டால், இரண்டாம் முறை திறக்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். நல்ல துண்டு கிடைப்பது அரிது. ஒரே மாதக் குழந்தையின் இதயமே அதன் கைப்பிடி அளவுதான். உறையும் அதற்கேற்ற சிறிய துண்டு.

மாடும் பன்றியும்

சொந்த உறை போதாதபோது மாட்டின் இதய உறை வருகிறது. பதப்படுத்தி, கிருமி நீக்கி, டப்பாவில் அடைத்து விற்கப்படுகிறது. வேண்டிய அளவு கிடைக்கும், உறுதியானது, பெருந்தமனியின் அழுத்தத்தையும் தாங்கும். விலங்குச் சவ்வை மனித உடம்பு ஏற்கும்படி குளூட்டரால்டிஹைடால் பதப்படுத்தும் வழியை 1960களின் இறுதியில் பாரிஸில் அலைன் கார்பான்டியே திறந்துவைத்தார். அவர் பன்றி வால்வுகளில் செய்த வேலை அது.

பெரியவருக்கு வைத்தால் பல ஆண்டு நிம்மதி. சிறு குழந்தைக்கு வைத்தால் அதே பொருள் சீக்கிரம் கெட்டிப்படுகிறது. காரணம் வயதுதான். வளரும் உடம்பில் எலும்பு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்தின் போக்குவரத்து வேகமாக இருக்கிறது. நோய் எதிர்ப்பும் துடிப்பாக இருக்கிறது. பதப்படுத்தியபின் சவ்வில் மிச்சமிருக்கும் இரசாயனமும், செத்த உயிரணுக்களின் கொழுப்பும் சுண்ணாம்பு படிய இடம் கொடுக்கின்றன. புதுப்புது முறைகளில் அந்த மிச்சங்களை நீக்கிய மாட்டு உறைகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன; கைக்குழந்தைகளின் பெருந்தமனி வளைவில் அவற்றிலும் மறுபடி ஒடுக்கம் வந்ததாக அறிக்கைகள் உண்டு. பன்றிக் குடலின் அடிச்சவ்விலிருந்து செய்த ஒட்டு, பிள்ளையின் சொந்தத் திசுவாகவே மாறிவிடும் என்ற பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. சில இடங்களில் அழற்சியும் ஒடுக்கமும் கண்டபின் மருத்துவர்கள் எச்சரிக்கையாகிவிட்டார்கள்.

மாட்டின் கழுத்து நரம்புக்குழாய் வேறொரு வரவு. அதில் இயற்கையிலேயே வால்வு இருக்கிறது. நுரையீரல் தமனி இல்லாத பிள்ளைக்கு வால்வோடு கூடிய குழாய் வேண்டும்போது இது கைகொடுக்கிறது. ஆனால் கிருமி தொற்றி வீங்கும் அபாயம் மற்றக் குழாய்களைவிட இதில் கூடுதல் என்று தெரியவந்திருக்கிறது.

மாடு என்றதும் சில வீடுகளில் மனம் தயங்கும். பன்றி என்றதும் வேறு சில வீடுகளில் தயங்கும். நம் நாட்டில் இரண்டு வகைக் குடும்பமும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன், "டாக்டர், இது எதிலிருந்து எடுத்தது? வேற வழி இருக்கா?" என்று கேட்பதில் தவறே இல்லை. வேறு வழி இருந்தால் சொல்வார்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதையும் சொல்வார்கள். கேட்காமல் வீட்டுக்கு வந்து மனதுக்குள் புழுங்குவதைவிட அது நல்லது.

இறந்தவர் தந்த தமனி

டாக்டர்கள் ஹோமோகிராஃப்ட் என்று சொல்வது, இறந்த ஒருவரின் குடும்பம் தானமாகத் தந்த தமனியை. 1966இல் லண்டனில் டொனால்ட் ராஸ், நுரையீரல் தமனி அடைபட்ட ஒரு பிள்ளைக்கு வால்வோடு கூடிய மனிதத் தமனியைப் பொருத்தினார். அதற்குப் பிறகு இது குழந்தை இதய அறுவையின் தூண்களில் ஒன்றாகிவிட்டது. தானம் வந்த தமனியைக் கிருமிக்கொல்லி மருந்தில் ஊறவைத்து, உறைநிலையில் உயிரணுக்கள் உடையாதபடி திரவம் சேர்த்து, மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே திரவ நைட்ரஜன் ஆவியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அறுவை நாளில் இளஞ்சூட்டு நீரில் உருக்கி எடுப்பார்கள்.

தையல் போடுகிறவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மென்மையாக வளைந்து கொடுக்கும். ஊசித்துளை வழியாக இரத்தம் கசியாது. குழந்தைக்குப் போடும் தையல் நூல் தலைமுடி அளவு மெல்லியது என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை தெரியும். இடது இதயம் வளராத குழந்தைக்கு, பிறந்த சில நாளிலேயே பெருந்தமனி வளைவு முழுவதையும் அகலமாக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. அங்கே நுரையீரல் தமனி ஹோமோகிராஃப்ட்டை வெட்டி ஒட்டாக்குவது பல மையங்களில் பழக்கம்.

சிக்கல்கள் இரண்டு. கைக்குழந்தைக்கு ஏற்ற சிறிய அளவு கிடைப்பது அரிது. சிறிய தமனி வேண்டுமானால் எங்கோ ஒரு சிறு பிள்ளை இறந்திருக்க வேண்டும். பெரிய அளவைக் குறுக்கி வெட்டித் தைத்துச் சமாளிப்பதும் உண்டு. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. தானம் தந்தவரின் உயிரணுக்களைக் கண்டு பிள்ளையின் உடம்பு எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கலாம். இப்போதைக்கு அதனால் தொல்லை தெரியாது. பல வருடம் கழித்து இந்தப் பிள்ளைக்கு இதய மாற்று தேவைப்பட்டால், பொருந்தும் இதயம் கிடைப்பது கடினமாகிவிடும். இதயத்தின் ஒரு பாதி மட்டுமே உள்ள பிள்ளைகளுக்குத்தான் பிற்காலத்தில் மாற்று இதயம் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத்தான் இந்த ஒட்டும் அதிகம் தேவைப்படுகிறது.

மலேசியாவில் இறந்தபின் உறுப்பும் திசுவும் தானம் தருவதற்கு 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் வழி செய்கிறது. உறுப்பு தானம் என்றால் கண், சிறுநீரகம் என்றுதான் நமக்குத் தோன்றும். மாற்று அறுவைக்குத் தகுதிப்படாத இதயத்திலிருந்தும் தமனியையும் வால்வையும் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

நெய்த துணியும் பிளாஸ்டிக்கும்

செயற்கைப் பொருளில் இரண்டு பெயர் காதில் விழும்: டாக்ரான், கோர்-டெக்ஸ். டாக்ரான் என்பது சட்டைத் துணியிலும் இருக்கும் பாலியெஸ்டர். கோர்-டெக்ஸ் என்பது ஒட்டாத சட்டியில் பூசும் பொருளின் உறவு. 1969இல் அந்தப் பொருளை இழுத்து நுண்துளை உள்ளதாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

நீலக் குழந்தைகளுக்கான முதல் வெற்றி 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கிடைத்தது. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு ஆல்ஃபிரட் பிளேலாக் இணைத்தார். யோசனையை எழுப்பியவர் ஹெலன் டாசிக். ஆய்வுக்கூடத்தில் முறையை வகுத்துத் தந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். இன்று அதே வேலைக்குக் கையின் தமனியை அறுப்பதில்லை, 3.5 மில்லிமீட்டர் போன்ற சின்ன கோர்-டெக்ஸ் குழாயை இடையில் வைக்கிறார்கள். அது வளராது என்று எல்லாருக்கும் தெரியும். வளர வேண்டியதும் இல்லை. சில மாதங்களில் அடுத்த அறுவை வந்து அதை மூடிவிடும். தற்காலிகப் பாலத்துக்குத் தேக்கு மரம் தேவையில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் குழாய் அடைபடாமலிருக்க டாக்டர் தரும் ஆஸ்பிரினை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

டாக்ரான் சொல்லித்தந்த பாடம் கசப்பானது. பெருந்தமனி ஒடுக்கத்தில் டாக்ரான் துண்டை வைத்து அகலப்படுத்தும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. உடனடிப் பலன் அருமை. பல வருடம் கழித்து ஒட்டுக்கு எதிர்ப்புறச் சுவர் உப்பத் தொடங்கியது. விறைத்த துணி அசையாமல் நிற்க, ஒவ்வொரு துடிப்பின் இடியையும் எதிரிலிருந்த சொந்தச் சுவரே தனியாக வாங்கிக்கொண்டது. துணி கிழியவே இல்லை. பக்கத்திலிருந்த சதைதான் தோற்றது. பெருந்தமனி ஒடுக்கத்துக்கு அந்த முறையை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள்.

ஆகவே ஒட்டின் உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்துச் சுவரோடு அது எவ்வளவு ஒத்து அசைகிறது என்பதும் கணக்கு.

எவ்வளவு மிச்சம் வைக்கிறோம்?

இவ்வளவும் படித்தபின் ஒரு கேள்வி எழலாம்: பதப்பட்ட உறையும் வளராது, மாட்டு உறையும் வளராது என்றால் ஒட்டு வைத்த பிள்ளைகள் எல்லாருக்குமே குழாய் மறுபடி ஒடுங்க வேண்டாமா?

எல்லாருக்கும் ஒடுங்குவதில்லை. காரணம், ஒட்டு குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. மறுபக்கம் பிள்ளையின் சொந்தச் சுவர், அது வளர்கிறது. மரத்தில் ஒரு பக்கம் தகட்டை ஆணியடித்தால் மற்றப் பக்கம் மரம் பருத்துக்கொண்டுதான் போகும். சுற்றிக் கட்டிய கம்பிதான் கழுத்தை நெரிக்கும். அதனால் அனுபவமுள்ள மருத்துவர், பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே சொந்தச் சுவர் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கிறார். பாதிக்கு மேல் மிஞ்சினால் கவலை குறைவு. முழுக் குழாயும் அந்நியப் பொருளானால் அது என்றாவது ஒருநாள் சிறிதாகிவிடும்; மாற்ற வேண்டி வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஒட்டைச் சற்றுத் தாராளமாக வெட்டுவதும், தையல் கயிறுபோல் இறுகாதபடி இடையிடையே நிறுத்தித் தைப்பதும் இதே கணக்கில் சேர்ந்தவை.

இப்போது பழைய நிலைமைகளுக்குத் திரும்பினால் தேர்வு ஏன் மாறுகிறது என்பது விளங்கும். பச்சிளங்குழந்தையின் எளிய பெருந்தமனி ஒடுக்கத்துக்கு ஒட்டே வேண்டாம். வெட்டிச் சேர்த்துத் தைப்பதே நல்லது. நீலக் குழந்தையின் நுரையீரல் கிளைக் குழாயை அகலமாக்கும் இடத்தில் அழுத்தம் குறைவு; சொந்த உறை போதும். இடம் மாறிய பெருங்குழாய்களை மாற்றித் தைக்கும் அறுவையை 1975இல் பிரேசிலின் அடிப் ஜாட்டேனே வெற்றியாகச் செய்துகாட்டினார். அதில் இதயத்துக்கே இரத்தம் தரும் சிறு தமனிகளை வில்லையோடு பெயர்த்து எடுப்பதால் இரண்டு பள்ளங்கள் உண்டாகின்றன. அவற்றைக் கால்சட்டை வடிவில் வெட்டிய சொந்த உறையால் நிரப்புவார்கள். அப்படியும் பிற்காலத்தில் அதிகமாகத் தொல்லை தருவது அந்த இடத்தின் குறுகல்தான். பெருந்தமனி வளைவு முழுவதையும் கட்ட வேண்டிய குழந்தைக்கு அழுத்தமும் கூட, துண்டும் பெரிது. அங்கே ஹோமோகிராஃப்ட் அல்லது மாட்டு உறை. ஒரே அறுவையில் இரண்டு மூன்று பொருள் கலந்து பயன்படுவதும் உண்டு.

குறுகல் மீண்டும் வந்தால் எப்போதும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை வழியாக நுழைத்த பலூனை ஊதியோ, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைத்தோ பல குழாய்களை விரிக்க முடிகிறது. 2000இல் ஃபிலிப் போன்ஹோஃபர் பாரிஸில், ஸ்டென்ட்டுக்குள் தைத்த மாட்டுக் கழுத்து நரம்புக்குழாயின் வால்வைத் தொடை வழியாகவே ஒரு சிறுவனின் பழைய செயற்கைக் குழாய்க்குள் வைத்தார். இன்று வைக்கும் குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது, நாளை அதற்குள் ஸ்டென்ட் நுழையுமா என்றும் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

வளரும் ஒட்டு வருமா?

முயற்சி நடக்கிறது. 1999இல் தோக்கியோவில் ஷினோகா குழு ஒரு 4 வயதுச் சிறுமியின் நரம்புக்குழாயிலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்து, உடம்பிலேயே கரைந்துபோகும் சட்டகத்தில் விதைத்து, அதை நுரையீரல் தமனிக்குப் பதிலாகப் பொருத்தியது. சட்டகம் கரைந்ததும் பிள்ளையின் சொந்தத் திசு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. 2002இல் மால்டோவாவில், தானம் பெற்ற தமனியிலிருந்து தந்தவரின் உயிரணுக்களைக் கழுவி நீக்கி, மிஞ்சிய இழைக்கூட்டில் பிள்ளையின் சொந்த உயிரணுக்களை விதைத்துப் பொருத்தினார்கள். எதிர்ப்புப் பொருள் உண்டாகும் சிக்கல் இதனால் குறைகிறது. இரண்டு வழியும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் சந்தைக்கு வந்து ஏமாற்றிய பொருள்களையும் மேலே பார்த்தோம். புதிய ஒட்டு நல்லதா என்று தெரிய ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாக வேண்டும். அதற்கு 15, 20 வருடம் பிடிக்கும்.

செண்டாயானிலிருந்து போகும்போது

குறை பெரும்பாலும் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் அல்லது அருகிலுள்ள கிளினிக்கில் கண்ணில் படும். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் 1992இல் அமைந்த தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன் போன்ற மையத்துக்குப் போவார்கள். போகிறபோது ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதிக்கொண்டு போகலாம்.

ஒட்டு வைக்காமல் செய்ய முடியுமா? வைத்தால், எந்தப் பொருள், அந்த இடத்துக்கு அது ஏன்? குழாயின் சுற்றளவில் எவ்வளவு பிள்ளையின் சொந்தச் சுவராக மிஞ்சும்? அடுத்த அறுவையோ பலூனோ எந்த வயதில் எதிர்பார்க்கலாம்?

டாக்டர் பதில் சொன்னபிறகு பொருளின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெரியவனாகி வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் நிற்கும்போது அந்தத் தாள்தான் பேசும். ஸ்கேன் நாளைத் தவறவிடாதீர்கள்; குறுகல் வலியோடு வராது, மெதுவாக வரும். பல்லைக் கவனியுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து இரத்தத்தில் இறங்கும் கிருமி, அந்நியப் பொருள் வைத்த இடத்தில் தங்க விரும்பும். பல் பிடுங்கும் முன் மருந்து வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாருக்கும் வேண்டியதில்லை, சிலருக்குக் கட்டாயம். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான், இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஓடியாடுகிறான் என்றால் வளர்கிறான் என்றுதான் அர்த்தம். வளர்கிற பிள்ளையின் ஒட்டைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

பழைய தோட்டத்தில் கம்பியின் சுருளை அவ்வப்போது தளர்த்திவிட்டுப் போவது பால் வெட்டுகிறவரின் வேலைகளில் ஒன்று. மரம் அடுத்த வருடமும் பருக்கும் என்று அவருக்குத் தெரியும்.